வேர்வைக்குப் புள்ளி இல்லை: அன்றைய உடற்பயிற்சி நல்லதா என்று பார்ப்பது எப்படி

மரைன் டிரைவில் பின்னேரம் நடக்கிறவர்களிடம் "எப்படி இண்டைக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். "நல்லா வேர்த்துக் கொட்டிச்சுது டீச்சர்." "பத்தாயிரம் தாண்டிட்டன்." "நேற்றுச் செய்ததுக்கு இண்டைக்குக் கால் ரெண்டும் உளையுது, அப்ப வேலை செய்திருக்கு."

பாடசாலையில் உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்க இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, பாயவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்த கண். ஆகவே இவர்களும் புள்ளி கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள். மேலே சொன்ன மூன்று பதிலுக்கும் நான் போடுவது பூச்சியம். பயிற்சி கூடாது என்று அர்த்தமில்லை. பயிற்சி எப்படி இருந்தது என்று அந்த மூன்றும் சொல்லவே இல்லை, அதனால்தான்.

முதலில் அந்த மூன்றையும் தள்ளி வைப்போம்

வேர்வை வருவது உடம்பைக் குளிர்விக்க. அது காய்ந்து ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும். கொழும்பில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் காயாமல் வழிந்து ஓடுகிறது. சித்திரை மாதத்தில் யன்னலைச் சாத்திவிட்டு நாலு சட்டை அயன் பண்ணினாலே முதுகு நனைந்துவிடும். தை மாதத்து விடியற்காலையில் அதே தூரத்தை அதே வேகத்தில் நடந்து வந்தாலும் சட்டை அரைவாசி காய்ந்தே இருக்கும். வேர்வையை வைத்துப் புள்ளி போட்டால் சித்திரையில் எல்லோரும் வீரர், தையில் எல்லோரும் சோம்பேறி.

நடந்து முடிந்ததும் தராசில் ஏறி "அரைக் கிலோ குறைஞ்சிட்டுது" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அது அரை லீற்றர் தண்ணீர். இரண்டு கோப்பை தண்ணீரும் ஒரு பிளேன்ரீயும் குடித்தால் திரும்பி வந்துவிடும். தராசால் ஒரு உபயோகம் இருக்கிறது: பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். உடல் நிறையில் 2 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் போயிருந்தால், இடையில் குடித்தது காணாது. வயிற்றில் பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறவர்களையும் அவ்வப்போது காண்கிறேன். கொழும்புச் சூட்டில் அது கொழுப்பைக் கரைக்காது, ஆளைத்தான் விழுத்தும். தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

பத்தாயிரம் என்ற எண்ணுக்கு வருவோம். 1965இல் யப்பானில் யமாசா கம்பனி விற்பனைக்கு விட்ட காலடிமானியோடு பிரபலமான எண் அது. வைத்தியர்கள் உட்கார்ந்து அளந்து வைத்த எல்லையல்ல. நடப்பது நல்லதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கலியாணச் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போய் கடைக்குக் கடை ஏறி இறங்கினாலும் போன் அத்தனை அடியையும் எண்ணிக் கொடுத்துவிடும். நின்று நின்று நடந்த அந்த நாளும், மூச்சு வாங்கத் தொடர்ந்து அரை மணித்தியாலம் நடந்த நாளும் எண்ணிக்கையில் ஒன்றாகத் தெரியும். இதயத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. அடிகளை எண்ணத்தான் வேண்டுமென்றால் வேகத்தை எண்ணுங்கள்: 15 செக்கனில் 25 அடி, நிமிடத்துக்கு 100. பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு மிதமான வேகம் என்பது அந்த அளவில்தான் தொடங்குகிறது.

உளைவு கொஞ்சம் சிக்கலான விஷயம். சிவனொளிபாத மலைக்குப் போய் வந்தவர்களை இரண்டாம் நாள் பார்த்திருப்பீர்கள், படியிறங்கும்போது நண்டு மாதிரிப் பக்கவாட்டாகத்தான் இறங்குவார்கள். ஏறியதைவிட இறங்கியதுதான் அதற்குக் காரணம். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் வேலை அது, பழக்கமில்லாத தசைக்கு அதிலேதான் சேதம் அதிகம். உளைவு மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். சில கிழமைக்குள் அதே வேலையைத் திரும்பச் செய்தால் உளைவு பாதியும் வராது. உடம்பு பழகிவிட்டது, பலன் குறையவில்லை. ஆகவே உளைவு சொல்வது ஒன்றே ஒன்று: புதிதாக ஏதோ செய்தீர்கள். ஒவ்வொரு நாளும் உளைவைத் தேடிப் போகிறவர் ஒவ்வொரு நாளும் புதுப்புது வேலையைத் தொட்டுத்தொட்டு விடுகிறார், ஒன்றிலும் முன்னேற மாட்டார்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டு தொடையும் ஒரே மாதிரி மந்தமாக உளைந்தால் அது தசை. ஒரு முழங்காலில் மட்டும், ஒரு புள்ளியில், ஊசி குத்துகிற மாதிரி நொந்தால், வீங்கினால், அல்லது நாரியில் தொடங்கி ஒரு காலுக்குள் மின்னல் மாதிரி இறங்கினால் அது வேறு. அன்றைக்கு எத்தனை கிலோ தூக்கியிருந்தாலும் அந்தப் பயிற்சி தேறவில்லை.

எதற்காக இறங்கினீர்கள்?

சப்பாத்துக் கயிறு கட்டும்போதே ஒரு வசனம் சொல்லிக்கொள்ளுங்கள்: இன்றைக்கு எதற்காக? இதைச் சொல்லாதவருக்கு முடிவில் புள்ளி போட வழியே இல்லை, கேள்வி இல்லாத தாளை எப்படித் திருத்துவது?

மூச்சுக்காக என்றால் மூச்சு வாங்க வேண்டும். பலத்துக்காக என்றால் தசை களைக்க வேண்டும். நிதானத்துக்காக, அதாவது விழாமல் இருப்பதற்காக என்றால் கொஞ்சம் தள்ளாட வேண்டும், பக்கத்தில் சுவர் இருக்க. நாலாவது வகையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை: ஆறுதல் நாள். முதல் நாள் கடுமையாகச் செய்தவர் அடுத்த நாள் இலேசாக நடக்க இறங்குகிறார். பக்கத்தில் ஒருவர் முந்திப் போகிறார். ரோசம் வந்து இவரும் கெதியாக நடக்கிறார். வீட்டுக்கு வந்து "இண்டைக்குச் சூப்பர்" என்கிறார். என் கணக்கில் அது தோற்ற நாள். இலேசாக இருக்க வேண்டிய நாள் இலேசாக இருக்கவில்லை, கடுமையாகச் செய்ய வேண்டிய அடுத்த நாளில் கால் வராது.

மரைன் டிரைவில் ஊர்க்கதை கதைத்தபடி நாலு பேர் வரிசையாகப் போகிறார்களே, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறுதல் நாளுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. கிழமை ஏழு நாளும் அதையே செய்துவிட்டு "நடந்தும் ஒன்றும் குறையவில்லை" என்று வரும்போதுதான் கதை வேறு.

கொண்டக்டர் சோதனை

மூச்சுக்கான நாளில் மிக நம்பகமான கருவி உங்கள் வாய். கதைத்துப் பார்ப்பதுதான் சோதனை, உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நான் அதைக் காலி வீதிக்கு ஏற்ற மாதிரிச் செய்து வைத்திருக்கிறேன். 100, 101 பஸ்ஸில் கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு கூப்பிடுவாரே, அப்படி ஒரே மூச்சில் சொல்லுங்கள்: தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை.

கோட்டை வரை சொல்லிவிட்டு இன்னும் பாட்டும் பாட முடியுமென்றால் அது இலேசு. கோட்டை வரை சொல்ல முடிகிறது, பாடத்தான் முடியவில்லை என்றால் மிதம். பம்பலப்பிட்டியில் ஒரு மூச்சு எடுக்கத்தான் வேண்டும் என்றால் கடுமை. தெஹிவளையோடு நின்றுவிட்டால், சில நொடி ஓட்டத்தை வேண்டுமென்றே செய்யும் இளம் பிள்ளைகளைத் தவிர மற்றவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு தரம் பார்த்தால் போதாது. தொடங்கிப் பத்து நிமிடத்தில், நடுவில், முடிவதற்குச் சற்று முன் என்று மூன்று தரம் பாருங்கள். மூன்றும் நீங்கள் நினைத்த இடத்திலேயே நின்றால் நல்ல பயிற்சி. தொடக்கத்தில் தெஹிவளை, நடுவில் பாட்டு என்றால் பாய்ந்து போய்க் களைத்துச் சோர்ந்துவிட்டீர்கள்.

கையில் கட்டும் மணிக்கூடு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மணிக்கூட்டில் நாடித்துடிப்பை நம்பலாம், ஓரளவு. அது காட்டும் கலோரியை நம்ப வேண்டாம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை கிட்டத்தட்டச் சரியாகக் காட்டின. கலோரியில், ஏழில் நல்லது என்று வந்த கருவியே சராசரியாக 27 வீதம் பிழை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு ரோல்ஸ் கூடச் சாப்பிடுகிறவர் யாருடைய கணக்கில் சாப்பிடுகிறார் என்று தெரியவில்லை.

நாடியை மணிக்கட்டில் விரல் வைத்தே பார்க்கலாம், 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் சரி. உச்சத் துடிப்புக்கு 220இல் வயதைக் கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. வயது கூடியவர்களுக்கு 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது இன்னும் பொருந்தி வரும். 60 வயதுக்கு 166. அதில் 64 முதல் 76 வீதம் வரை மிதம், ஏறக்குறைய 106 முதல் 126. அதற்கு மேலே கடுமை. இது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடிக் குறையும். இன்னொன்றும் இருக்கிறது: சூட்டிலும் ஈரத்திலும் உடம்பு இரத்தத்தைத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கே நாடி கூட அடிக்கும். பகல் பதினொரு மணிக்கு நடந்துவிட்டு "நாடி ஏறிட்டுது, நல்ல பயிற்சி" என்று சொல்வது வெயிலுக்குப் புள்ளி போடுவது.

பிரஷர், இருதயம் என்று குளிசை எடுப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். அட்டெனோலோல், பைசோப்ரோலோல் போல 'லோல்' என்று முடியும் பெயருள்ள குளிசைகள் நாடியை ஏற விடாது. எங்கள் பிளாட்ஸில் ஒரு ஐயா, மணிக்கூடு 95ஐத் தாண்டவில்லை என்று வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் போய், முகம் வெளிறி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டீச்சர், இது இன்னும் ஏறேல்லை" என்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டுகிறார்! "ஐயா, அது ஏறாது. குளிசை பிடிச்சு வச்சிருக்கு. நீங்கள் தெஹிவளை எண்டு சொல்லுங்கோ பாப்பம்." தெ என்றதோடு நின்றார். அவருக்கு நாடிக் கணக்கு சரிவராது, மூச்சுக் கணக்குத்தான்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். காலிமுகத்திடலில் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்கு நோக்கி நடப்பது ஒரு பயிற்சி, வடக்கே திரும்பி வருவது இன்னொரு பயிற்சி. நேரத்தைக் கடிகாரத்தில் ஒப்பிடாதீர்கள், மூச்சை ஒப்பிடுங்கள். (அந்த நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்ததாகவும், கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதைத் தனக்குப் பின் வருவோரிடம் விட்டுப் போவதாகவும் அங்கேயுள்ள கல்லில் பொறித்திருக்கிறது. நடக்கிற பெண்களில் எத்தனை பேர் அதை நின்று வாசித்திருப்பார்கள் என்று தெரியாது. இறால் வடை வாசம் மறுபக்கம் இழுக்கிறதே.) சுதந்திர சதுக்கம் சமதரை, மர நிழல், ஒரே மாதிரித் தளம். கிழமைக்குக் கிழமை ஒப்பிட அதுதான் வசதி. காலி வீதி நடைபாதையில் மூச்சுப் பயிற்சி வேண்டாம். பஸ் புகையை ஆழமாக இழுப்பதற்கு யாரும் புள்ளி தர மாட்டார்கள்.

கதிரையும் பாரமும்

பலப் பயிற்சியின் தரத்தை நான் ஒரு இடத்தில்தான் பார்ப்பேன்: கடைசித் தரம் முதல் தரம் மாதிரி இருக்கிறதா?

மேல்மாடி அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்காலுக்குப் பலம் வர, கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் "டீச்சர், இருபது செய்து முடிச்சிட்டன், வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். போய்ப் பக்கவாட்டில் நின்றேன். முதல் சில தரம் நன்றாகத்தான் இருந்தது. பாதம் இரண்டும் நிலத்தில் பதிந்திருக்க, நெஞ்சு கொஞ்சம் முன்னே சாய, முழங்கால் பாத விரலின் நேரில் நிற்க, சத்தமில்லாமல் எழும்பி, சத்தமில்லாமல் இருந்தார். எட்டாவதில் வலது கை மெல்லத் தொடைக்குப் போனது, ஊன்றுவதற்கு. பத்தாவதில் இரண்டு முழங்காலும் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தன. அதற்குப் பிறகு இருப்பது இல்லை, தொப்பென்று விழுவதுதான். விழுந்த வேகத்தில் முன்னுக்கு ஆடி, அந்த ஆட்டத்தில் எழும்பினார். மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தார், முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, ஏழு."

"என்ன ஏழு? நான் இருபது எண்ணினன்."

"ஏழு நீங்கள் செய்தது. மிச்சம் கதிரை செய்தது."

கோபம் வந்துவிட்டது அவருக்கு, ஒரு நாள் லிஃப்டில் கண்டும் கதைக்கவில்லை. பிறகு ஏழிலேயே நிறுத்தி, இரண்டு நிமிடம் ஆறி, இன்னொரு ஏழு செய்யத் தொடங்கினார். எழும்பும்போது மூச்சை வெளியே விடச் சொன்னேன். மூச்சை அடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், அவருக்கு அது கூடவே கூடாது.

வீட்டில் நீங்களே பார்க்கும் வழி: போனைச் சுவரில் சாய்த்துப் பக்கவாட்டில் வீடியோ எடுங்கள். முதல் தரத்தையும் கடைசித் தரத்தையும் மட்டும் பாருங்கள். பாரம் இறங்கும் வேகத்தைக் கவனியுங்கள், ஏறும்போது எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள், களவு நடப்பது இறங்கும்போது. கேட்கும் சத்தத்தையும் கவனியுங்கள். ஒழுங்காகச் செய்யும் பயிற்சிக்குச் சத்தம் குறைவு.

மறுபக்கமும் உண்டு. கடைசித் தரம் முதல் தரம் மாதிரியே இருந்து, இன்னும் பத்துச் செய்யலாம் போல இருந்தால் அது பலப் பயிற்சியல்ல, கை காலை ஆட்டியது. இன்னும் ஒன்று முதல் மூன்று தரம் வரைதான் ஒழுங்காக வரும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

மூன்றாம் மாடித் தம்பி ஜிம்முக்குப் போகிறவர். "அன்ரி, எண்பது கிலோ போட்டன்" என்று வீடியோ காட்டினார். கம்பி நெஞ்சுக்குப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது, நாரி பெஞ்சை விட்டு எழும்பி நின்றது, கடைசி இரண்டையும் பின்னால் நின்ற கூட்டாளிதான் தூக்கினார். "தம்பி, இதில எத்தனை உம்மட, எத்தனை அவற்ற?" என்று கேட்டேன். சிரித்தார். இப்போது பாரத்தைக் குறைத்து முழு அளவுக்கு இறக்குகிறார். நெஞ்சு வளர்ந்திருக்கிறது, வீடியோதான் குறைந்திருக்கிறது.

முடிந்த பிறகு

முடித்த உடனே ஒரு நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நின்ற கணத்தில் ஒரு தரம், சரியாக ஒரு நிமிடம் கழித்து ஒரு தரம். பழகப் பழக அந்த இறக்கம் கூடும், உள்ளே நடக்கும் முன்னேற்றத்துக்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அடையாளம் அது. ஒவ்வொரு தரமும் பன்னிரண்டுக்குக் குறைவாகவே இறங்கினால் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பத்து நிமிடத்தில் மூச்சு சாதாரணமாக வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் கழித்து, குளித்து, ஆறி இருக்கும்போது, 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். 0 என்றால் சும்மா இருந்தது, 10 என்றால் இதற்குமேல் முடியாது. இப்படிப் பாடுபட்ட உணர்வுக்கே எண் போடலாம் என்று காட்டியவர் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க். அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்கி முழுப் பயிற்சியையும் ஒரே எண்ணாக்கியவர் அமெரிக்காவின் கார்ல் ஃபொஸ்டர். 40 நிமிடம் 4 என்றால் 160. 25 நிமிடம் 7 என்றால் 175. நேரம் குறைந்த பயிற்சி பாரத்தில் கூடியது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். உடனே எண் போட்டால் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் எண் விழும், அதனால்தான் ஆறவிட்டுக் கேட்பது.

உண்மையான திருத்தல் மறுநாள் விடியத்தான். கட்டிலை விட்டு எழும்ப முன் நாடி பாருங்கள். வழமையைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், இரவு நித்திரையும் சரியில்லை என்றால், காரணமில்லாமல் எரிச்சலாகவும் இருந்தால், நேற்றுச் செய்தது உங்கள் உடம்புக்குக் கூடிவிட்டது. நேற்று எவ்வளவு நன்றாக உணர்ந்தீர்கள் என்பது கணக்கில்லை. டெங்குக் காய்ச்சல் வந்து எழும்பியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காய்ச்சல் விட்டாலும் அசதி கிழமைக்கணக்கில் நிற்கும், பழைய எண்களைத் துரத்த வேண்டாம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள், அதிலும் இன்சுலினோ கிளிக்ளசைட் வகைக் குளிசையோ எடுப்பவர்கள், கை நடுங்கி, குளிர் வேர்வை வந்து, கண் மங்கினால் அது நல்ல களைப்பு அல்ல. சீனி இறங்குகிறது. 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் இறங்காதீர்கள். நெஞ்சை அமுக்குவது, அது தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, தலை சுற்றி விழப் பார்ப்பது என்று வந்தால் உட்கார்ந்து 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "வாயுவாக இருக்கும்" என்று வீட்டுக்கு நடந்து போகாதீர்கள்.

கொப்பி

ஒரு கொப்பி, ஒரு நாளைக்கு ஒரு வரி. அதற்கு மேல் எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். என்னுடையது இப்படி இருக்கும்:

செவ்வாய். மூச்சு. வேகநடை 35 நிமிடம். கோட்டை, கோட்டை, கொள்ளுப்பிட்டி. எண் 5. விடிய: நல்ல நித்திரை.

புதன். பலம். கதிரை, சுவர்த் தண்டால், படி. கடைசித் தரமும் ஒழுங்கு. எண் 6. விடிய: தொடை கொஞ்சம் உளைவு.

வியாழன். ஆறுதல். கதைத்துக்கொண்டு நடந்தது. எண் 2.

முதல் சொல்லையும் எண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே புள்ளி தெரிந்துவிடும். ஆறுதல் என்று எழுதி எண் 6 என்றால் பிழை. பலம் என்று எழுதி எண் 2 என்றாலும் பிழை.

ஒரு நாளை மட்டும் வைத்து உங்களைத் திட்ட வேண்டாம், மெச்சவும் வேண்டாம். கிழமையாகப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு: கிழமைக்கு மிதமாக 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையாக 75 முதல் 150 நிமிடம், பலப் பயிற்சி குறைந்தது இரண்டு நாள், 65 வயதுக்கு மேலென்றால் நிதானப் பயிற்சி மூன்று நாள். தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் போய்விட்டது. பஸ்ஸுக்கு ஓடியதும் சேரும். கிழமையின் எண்களைக் கூட்டிப் பாருங்கள். போன கிழமையைவிடத் திடீரென்று ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறியிருந்தால் அடுத்த கிழமை குறையுங்கள், நோ வருவதற்கு முன்பே.

மாதம் ஒரு தரம் இரண்டு சோதனை. முதலாவது, கைப்பிடியில்லாத கதிரையைச் சுவரோடு வைத்து, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்புகிறீர்கள் என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதில் பெண்களுக்கு 12க்கும் ஆண்களுக்கு 14க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. 70 முதல் 74 வயதில் பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. மேல்மாடி அக்கா தொப்பென்று விழாமல் இப்போது பதினொன்று செய்கிறார், நான்தான் மணிக்கூடு பிடித்தேன். இரண்டாவது, வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரை மரைன் டிரைவில், கோட்டை வரை சொல்லக்கூடிய வேகத்தில் நடந்து நேரம் எடுப்பது. மூச்சு அதே அளவில் நிற்க நேரம் மட்டும் குறைந்தால், இடைப்பட்ட மாதத்துப் பயிற்சிகள் வேலை செய்திருக்கின்றன.

இரண்டு மாதமாக இரண்டு சோதனையும் அசையவில்லை என்றால் முதலில் நித்திரையைப் பாருங்கள், பிறகு சாப்பாட்டைப் பாருங்கள். பருப்பு, முட்டை, மீன் காணாமல் பாணும் சம்பலும் மட்டுமே மூன்று நேரமும் போனால் தசை எதிலிருந்து வளரும்? அவை சரியென்றால் பயிற்சியில் ஒன்றை மாற்றுங்கள். நேரத்தைக் கூட்டுவதா, வேகத்தைக் கூட்டுவதா, பாரத்தைக் கூட்டுவதா, ஒன்று மட்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது, எது நோவைக் கொண்டுவந்தது என்று பிரிக்க முடியாது. மாற்றிய திகதியைக் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதிவையுங்கள்.